மிசின் நிற்கும் வீடு

எங்கள் ஊரில் ஒரு பெண் தொழில் செய்யப் புறப்பட்டால், அவளுக்கு வழிகாட்ட அரசாங்கம் அனுப்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மகளுக்கு எத்தின வயசு?" சந்தை எங்கே இருக்கிறது, கையில் முதல் எவ்வளவு, போட்டிக்கு யார் யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. என்னிடம் எவ்வளவோ கேட்டார்கள். இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் மா அரைத்து விற்கிறவள். நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல்களிலிருந்து வரும் சிவப்பரிசியை வாங்கி, கழுவி, ஊறவைத்து, வடித்து, அரைத்து, வறுத்து, அரித்து, பக்கெற்றில் அடைப்பேன். இடியப்பத்துக்கு ஒரு மா, பிட்டுக்கு ஒரு மா. என் கணவர் ஓட்டோ ஓடுகிறார். கல்முனைக் கடைகளுக்குப் பக்கெற்றுகளைக் கொண்டுபோய்ப் போடுவது அவர் வேலை. ஆரம்பத்தில் அரிசியை அடுத்த தெரு மில்லில்தான் அரைப்பித்தேன். அங்கே மிளகாய் அரைத்த கையோடு என் அரிசியையும் கொட்டிவிடுவார்கள். இடியப்பம் உறைக்கிறது என்று கடைக்காரர்கள் பக்கெற்றைத் திருப்பி அனுப்புவார்கள். நான் மில்காரரிடம் போய்ச் சண்டை பிடிப்பேன். அவர், "இடியப்பத்துக்குக் கறி மிச்சம்தானே ராத்தா" என்று பகிடி விடுவார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் மறைக்கவும் தெரியாது. ஒரு நாள் அவருடைய மில் வாசலிலேயே நின்று, இனி என் அரிசியை உன் மிசினுக்குள் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கென்று ஒரு மிசின் இல்லை என்பது உறைத்தது.

அந்த வருடம்தான் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் பாதி போட்டு மிசின் கொடுக்கிறதாம் என்ற கதை ஊருக்குள் வந்தது. பிரதேச செயலகக் கந்தோரில் அதற்கென்று ஓர் உத்தியோகத்தர் இருந்தார். பட்டதாரி. எங்கள் ஊர்ப் பிள்ளைதான், கலியாணம் முடித்து எங்களுக்கு அடுத்த தெருவுக்கு வந்தவர். தெருவில் கண்டால் நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை ராத்தா என்பார். கந்தோர்ப் படி ஏறியதும் அவர் சேர் ஆகிவிடுவார், நான் பயனாளி ஆகிவிடுவேன். அவரைக் குறை சொல்லி எழுத எனக்கு மனமில்லை. சுகாதாரப் பரிசோதகரின் சான்றிதழ் எடுக்கப் பல தரம் எனக்காக நடந்தவர் அவர். பக்கெற்றில் சிங்களத்திலும் எழுத்து இருந்தால் அம்பாறைக் கடைகளிலும் எடுப்பார்கள் என்று சொல்லி, எழுதுவித்துத் தந்தவரும் அவர்தான்.

மிசின் வந்து இறங்கிய நாளில் நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பின்வளவில் தகரம் போட்ட கொட்டில் அடித்து, சீமெந்துத் திட்டுக் கட்டி, அதற்கு மேல் மிசினை போல்ட் போட்டு இறுக்கினோம். மூன்று முனைக் கரண்ட் எடுக்க மின்சாரக் கந்தோருக்கு என் கணவர் அலைந்த அலைச்சலில் ஓட்டோ ரயர் தேய்ந்துவிட்டது. கொட்டில் சுவரில் கந்தோர்க்காரர்கள் ஒரு பலகை அடித்தார்கள். அரச உதவியில் நடக்கும் தொழில் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மாவுக்கு என்ன பெயர் வைப்பது என்று உத்தியோகத்தர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, மகளின் பெயரைச் சொன்னேன். எங்கள் ஊரில் பாதிக் கடைகளுக்கு மகள்மாரின் பெயர்தான்.

உடன்படிக்கையில் இரண்டு விசயம் இருந்தது. மிசினை வைத்த இடத்திலிருந்து கந்தோருக்குத் தெரியாமல் அசைக்கக் கூடாது. மிசின் நிற்கும் இடம் பயனாளியின் சொந்த இடமாக இருக்க வேண்டும். உத்தியோகத்தர் இரண்டையும் வாசித்துக் காட்டினார். நான் ஓம் ஓம் என்று கையெழுத்துப் போட்டேன். வீடு என் பேரில்தான் இருந்தது. அன்றைக்கு அதில் பொய் எதுவும் இல்லை.

வெளியூர் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தான் விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வருகிற மாப்பிள்ளைக்கு வீடு வேண்டும். அந்த வீட்டை மகளின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்னுக்கு ஒதுங்குவார்கள். வளவு பெரிதென்றால் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்வார்கள். இல்லையென்றால் வாடகைக்குப் போவார்கள். கடலுக்கும் ரோட்டுக்கும் இடையில் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் முட்டி நிற்கிற ஊர் எங்களுடையது. வளவு பெரிதென்பது கதைக்கு மட்டும்தான். நான் இருந்த வீடும் எனக்கு இப்படி வந்ததுதான். எனக்கு ஒரே ஒரு மகள். அவள் பிறந்த அன்றே இந்த வீடு அவளுடையது என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கந்தோரில் இடம் யாருடையது என்று கேட்டபோது என்னுடையது என்றேன். எங்கள் ஊரில் எந்தத் தாயும் அப்படித்தான் சொல்லுவாள்.

மிசின் எடுத்தவர்கள் எல்லாரும் வழிகாட்டல் வகுப்புக்குப் போக வேண்டும் என்பது சட்டம். வகுப்பில் முக்கால்வாசி பெண்கள். அபாயா தைக்கிறவர்கள், தொதல் இனிப்புக் கிண்டுகிறவர்கள், அச்சாறு போடுகிறவர்கள், யோகட் செய்கிறவர்கள். அன்றைக்கு உத்தியோகத்தர் வெள்ளைப் பலகையில் ஐந்து வருடம் என்று பெரிதாக எழுதினார்.

"இன்னும் அஞ்சு வருசத்தில ஒங்கட தொழில் எங்க இரிக்கும்? கண்ண மூடி யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொராளா சொல்லுங்க."

நாங்கள் கண்ணை மூடினோம். அவர் உற்சாகப்படுத்தப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. கனவு காணுறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க."

எனக்குப் பக்கத்தில் இருந்த தொதல்காரிதான் கடைசியில் சொன்னாள்.

"சேர், எனக்கு மூணு பொம்புளப் புள்ள. அஞ்சு வருசத்தில நான் எங்க இரிப்பன் எண்டே எனக்குத் தெரியா. தொழில் எங்க இரிக்கும் எண்டு நான் என்னெண்டு சொல்லுற?"

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பலகையை அழித்து, சந்தைப்படுத்தல் என்று அடுத்த தலைப்பை எழுதினார். அந்த இடத்தில் அவர் நின்றிருக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்குள் எங்கள் எல்லாருடைய கதையும் கிடந்தது. அவரும் இந்த ஊரில் மாப்பிள்ளையாக வந்து இறங்கியவர்தானே, மாமியார் எந்த அறையில் படுக்கிறா என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் பாடம் கொழும்பில் எழுதி வந்தது. அதில் மகளுக்கு இடமில்லை.

தொழில் நன்றாகத்தான் போனது. காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு மிசினைப் போட்டால், மதிய லுஹருக்கு முன் வறுத்து முடித்துவிடுவேன். மாவின் சூட்டைக் கையால் தொட்டுத்தான் இறக்குவேன். நோன்பு காலத்தில் மூச்சு விட நேரமிருக்காது. அந்தக் கொட்டிலுக்குள் நிற்கும்போது நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய தாயும் இல்லை. மில்காரி. கடைக்காரர்கள் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது பட்டப்பெயர்தான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு மகளுக்குச் சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை கட்டாரில் இருந்துவிட்டு வந்தவர், போன் திருத்தும் கடையொன்றில் வேலை. மகளுக்கும் பிடித்துவிட்டது. வீடு பார்க்க மாப்பிள்ளையின் தாய் வந்தா. சாலை என்று நாங்கள் சொல்லும் முன்கூடம், அறை, குசினி எல்லாம் பார்த்துவிட்டுப் பின்வளவுக்கு வந்தா. நான் அப்போது மிசினை ஓட விட்டிருந்தேன். நிறுத்தியிருக்கலாம்தான். என் தொழிலையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டா, சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மிசினை நிப்பாட்டினேன்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் சத்தமா?"

"காலையில மட்டும்தான் ராத்தா. லுஹருக்கு முன்ன முடிஞ்சிரும்."

"புது மாப்பிள்ள எழும்புற நேரம்தானே அது" என்றா அவ. மகளைப் பார்த்தா, கொட்டிலைப் பார்த்தா. "இந்தக் கொட்டிலக் கழட்டி எடுத்தா ஒரு காரு விடலாம்."

அவர்களிடம் கார் இல்லை. வரப்போகிறதா என்பதும் தெரியாது. ஆனாலும் மகளின் கலியாண விசயத்தில் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்த்து வாய் திறக்கிற தாய் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் போன பிறகு நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். "உம்மா, மில்ல வேற எங்கயாவது வெச்சிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுடைய குரலில் கள்ளம் இருக்கவில்லை. அவளுக்கு மாப்பிள்ளையும் வேண்டும், என் மில்லும் நடக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான்.

வேறு இடம் தேடினோம். பிரதான வீதிக்குப் பக்கத்தில் சட்டர் போட்ட சின்னக் கடையொன்று வாடகைக்கு வந்தது. கடைக்காரர் நல்லவர், மூன்று முனைக் கரண்ட் எடுக்கவும் சம்மதித்தார். என் கணவர் சுவரை அளந்து பார்த்து, மிசின் தாராளமாக நிற்கும் என்றார். அன்றிரவு நான் நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் கந்தோருக்குப் போய், மிசினை இடம் மாற்ற அனுமதி வேண்டும் என்றேன்.

உத்தியோகத்தர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். இருக்கச் சொன்ன விதத்திலேயே காரியம் சரிவராது என்று விளங்கிவிட்டது.

"ராத்தா, வாடக எடத்தில வைக்க ஏலாது. சொந்த எடமா இரிக்கணும்."

"அப்ப ஊட்டுலயே இரிக்கட்டும். மாப்பிள்ள ஊட்டாரிட்ட நான் கதைக்கிறன்."

"ஊட்ட மகளுக்கு எழுதப் போறீங்கதானே?"

"ஓம். எழுதாம கலியாணம் நடக்குமா?"

"எழுதினா அது ஒங்கட எடமில்ல. அங்கயும் ஒங்கட பேரில மிசின் நிக்க ஏலாது."

"அப்ப மிசின் எங்க நிக்கிற சேர்? ஆகாசத்திலயா?"

என் சத்தம் கூடிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதா ராத்தா? நானும் மாப்பிள்ளதான். ஆனா சுற்றுநிருபம் அப்பிடித்தான் வந்திரிக்கி. நம்மட ஊருக்கெண்டு வேற ஒண்டு அடிக்க மாட்டாங்க."

"நீங்க மேல எழுதலாம்தானே?"

"எழுதினன். பதில் வரல்ல."

அவர் எழுதியிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். பொய் சொல்கிற ஆளில்லை. ஆனால் அவர் எழுதியதால் எனக்கு என்ன ஆனது? வெளியில் வந்து ஓட்டோவில் ஏறியதும் என் கணவர் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மிசினைக் கொண்டுபோய்க் கடலில் போடச் சொன்னார்கள் என்றேன். அவர் ஓட்டோவைக் கிளப்பினார்.

அந்த நாட்களில்தான் கல்முனையில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். சிறுதொழில் செய்வோருக்கான அரச ஆதரவையும் வழிகாட்டலையும் மேம்படுத்துவது எப்படி என்று மேடைக்குப் பின்னால் துணியில் எழுதிக் கட்டியிருந்தது. உத்தியோகத்தர்தான் என்னை வரச் சொன்னார். "நீங்க வந்து சொல்லுங்க ராத்தா. ஒங்கட வாயால சொன்னா அவங்களுக்கு ஏறும்" என்றார். நான் அபாயாவை இஸ்திரி போட்டு உடுத்துக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மேடையில் இருந்த மேடம் சிங்களத்தில் கதைத்தா. ஒருவர் தமிழில் மாற்றிச் சொன்னார். என் முறை வந்தது. நான் எழும்பி நின்று சொன்னேன்.

"மேடம், எங்கட ஊர்ல ஊடு பொம்புளப் புள்ளைக்குப் போயிரும். தாய் ஊட்ட உட்டு எழும்பிருவா. நீங்க மிசின ஊட்டுக்குக் குடுக்கிறீங்க, ஆளுக்குக் குடுக்கிறல்ல. மிசின ஆளோட போக உடுங்க. வாடக எடமெண்டாலும் பரவாயில்ல எண்டு எழுதுங்க. வழிகாட்டுற ஆக்களும் வந்து முதல்ல எங்கட ஊட்டு நெலமயக் கேக்கட்டும், அதுக்குப் பொறகு அஞ்சு வருசத்தக் கேக்கட்டும்."

மண்டபத்தில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். மொழிபெயர்த்தவர் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். அம்பாறைக் கடைக்காரர்களோடு கதைத்துக் கதைத்து எனக்குக் கொஞ்சம் சிங்களம் விளங்கும். அவர் சொன்னதில் கெதர, கெதர என்று வீடுதான் திரும்பத் திரும்ப வந்தது. மிசினைக் காணவே இல்லை. மேடம் அனுதாபத்தோடு தலையை ஆட்டி ஏதோ சொன்னா. மொழிபெயர்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஊடில்லாத பிரச்சினை வேற அமைச்சிட வேலயாம். வீட்டுத் திட்டத்துக்கு வேறயா விண்ணப்பம் போடட்டாம்."

நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். ஒலிவாங்கி அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. சாப்பாட்டுப் பொதி தந்தார்கள், கோழி புரியாணி. நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு, கோழி நல்லா அவிந்திருக்கு என்றார்.

கலியாணத்துக்கு நாள் குறித்த பிறகு உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்தார். முகத்தில் சந்தோசம் தெரிந்தது. வழியொன்று கண்டுபிடித்துவிட்டாராம்.

"ராத்தா, மிசின மகள்ட பேருக்கு மாத்துவம். அவ ஊட்டுக்காரி, எடம் அவட சொந்தம். சட்டத்தில ஒரு குழப்பமுமில்ல. மாவுக்குப் பேரும் ஏற்கெனவே அவட பேர்தானே!"

அவருக்கு எவ்வளவு நிம்மதி! எனக்காக மண்டையை உடைத்துத்தான் யோசித்திருக்கிறார். மிசினைத் திருப்பிக் கொடுப்பதை விட இது மேல் என்று என் கணவரும் சொன்னார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். "பேரு மட்டும்தானே உம்மா. மில் ஒங்கடதான்" என்றாள். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளையின் தாய் மறுபடியும் வந்தா. இந்த முறை மூக்கை மூடவில்லை. மிசினைச் சுற்றி வந்து, கையால் தடவிப் பார்த்து, எவ்வளவு அரைக்கும், எந்தெந்தக் கடைக்குப் போகுது என்றெல்லாம் விசாரித்தா. சத்தத்தைப் பற்றி நானாகக் கேட்டேன்.

"சத்தமா? அது பழகிரும் புள்ள" என்றா.

என்னுடையதாக இருந்தவரை அது சத்தம். மகளுடையதானதும் அது சீதனம். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பிறகு நெடுநேரம் அந்தச் சிரிப்புக் கசந்தது.

வீட்டை எழுதினோம், மிசினை மாற்றினோம், கலியாணம் அல்லாஹ்வின் உதவியால் குறையில்லாமல் நடந்தது. நானும் கணவரும் பின்வளவில் கொட்டிலோடு ஒட்டி ஓர் அறை இறக்கிக்கொண்டோம். ஆக, மிசின் அசையவே இல்லை. நான்தான் அசைந்தேன். முன்னெல்லாம் கடைக்காரர்கள் என் போனுக்குத்தான் எடுப்பார்கள். இப்போது மருமகனின் போனுக்கு எடுக்கிறார்கள். கொழும்புப் பக்கம் மா அனுப்பலாம் என்று அவர் ஆள் பிடித்திருக்கிறார். போன் கடை வேலையையும் விட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. என்னை மாமி மாமி என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், இரண்டு வார்த்தை ஏசிவிட்டு ஆறியிருப்பேன். எந்த அரிசி வாங்குவது, எந்தக் கடைக்கு முதலில் கொடுப்பது என்று அவரும் மகளும் சாலையில் இருந்து கதைப்பது எனக்குக் கேட்கும். முடிவெடுத்த பிறகு வந்து சொல்லுவார்கள். வறுப்பது மட்டும் இன்னும் என் கையில்தான். அவர்களுக்குப் பதம் பிடிபடவில்லை என்பதற்காக, வேறொன்றுமில்லை.

மில்காரி என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. மில்லுக்கார மருமகனின் மாமி என்று ஒருவர் சொன்னதைக் கேட்டேன்.

போன மாதம் உத்தியோகத்தர் கண்காணிப்புக்கு வந்தார். முன்பெல்லாம் கையில் பைல் கொண்டு வருவார், இப்போது விரலால் தட்டுகிற ஒரு டெப். சாலைக் கதிரையில் மகளும் மருமகனும் அவருக்கு முன்னால் இருந்தார்கள். நான் கையில் மாவோடு பின்பக்கத்தால் வந்து கதவடியில் நின்றேன். முன்கதவால் போவதை எப்போது விட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை. "வாங்க ராத்தா, இரிங்க" என்றார் அவர். கை மாவாக இருக்கிறது என்று நான் இருக்கவில்லை.

அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு டெப்பில் தட்டினார். உரிமையாளர் பெயர், மகள் சொன்னாள். புதிய சந்தைகள், மருமகன் சொன்னார். உத்தியோகத்தர் சந்தோசமாகத் தலையை ஆட்டினார். தொழில் வளர்ந்திருக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே பெருமை.

"எத்தின பேருக்கு வேல குடுத்திரிக்கிறீங்க?"

மகள் மருமகனைப் பார்த்தாள். மருமகன் சொன்னார்:

"மில்ல மாமிதான் பாக்குறா சேர். வறுக்கிறதும் அவதான்."

"அப்ப ஒராள்" என்று உத்தியோகத்தர் தட்டினார். "நல்லது. ஒரு வேலவாய்ப்பு உருவாகியிரிக்கி. மேல இதத்தான் கேப்பாங்க."

அரசாங்கத்தின் பாதியும் என் பாதியும் சேர்ந்து வாங்கிய மிசினில், எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அதைக் கணக்கிலும் எடுத்துவிட்டார்கள். கையில் இருந்த மாவைத் தட்டினேன்.

மகளின் முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு வாய்த்தது என் கோபம்தான்.

"என்ன சேர் இது? எங்கட உம்மாவ வேலக்காரி எண்டா போடுறீங்க? அவ எங்கட உம்மா! அழிங்க அத."

உத்தியோகத்தர் பதறிப்போனார்.

"இல்ல தங்கச்சி, இல்ல. குறை நினைக்காதீங்க. குடும்பத்து ஆளெண்டா கணக்கில வராது. இந்தா, எடுத்திட்டன்."

அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒன்று இருந்த இடத்தில் பூச்சியம் வந்தது. மகளுக்குக் காட்டவும் செய்தார். அவள் ஆறுதலாக மூச்சு விட்டாள்.

"அப்ப நான் ஆரு சேர்?" என்று கேட்டேன்.

பகிடி என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.

"நீங்க உம்மாதானே ராத்தா" என்றார் உத்தியோகத்தர்.

மகள் எழும்பி வந்து என் தோளைக் கட்டிப்பிடித்தாள். அபாயாவில் மா ஒட்டுகிறதே என்றேன், ஒட்டட்டும் என்றாள். என் மானத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோசம் அவள் கண்ணில் இருந்தது. வேலைக்காரியாகவாவது அந்தக் கணக்குக்குள் என்னை இருக்க விட்டிருக்கலாமே மகள் என்று, அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.